எக்ஸ்ஷோரூம் 10.28 லட்சம், ஆன்ரோடு 13.33 லட்சம்: இடையில் இருப்பது என்னென்ன?

வெள்ளகோவில் தறிக்காரன்

வீட்டுக்கு ஒரு கார் எடுக்கலாம் என்று அப்பாவும் நானும் திருப்பூரில் ஒரு ஷோரூமுக்குப் போய்வந்தோம். பெட்ரோல் வண்டி, 1197 சி.சி., நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்குவது. விற்பனைப் பிரிவில் இருந்தவர் விளம்பரத் தாளின் பின்பக்கம் ஆன்ரோடு விலை, அதாவது எல்லாம் சேர்ந்த மொத்தம், 13,33,480 என்று எழுதி வட்டம் போட்டார். அதைவிடப் பெரிய எழுத்தில் மாதத் தவணையை எழுதி அடிக்கோடும் போட்டார். பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டதும் கொஞ்சம் தயங்கிவிட்டு இதை அச்செடுத்துத் தந்தார்:

எக்ஸ்ஷோரூம் விலை – 10,28,000
ஆர்.டி.ஓ. – 1,98,500
இன்சூரன்ஸ் – 52,400
டி.சி.எஸ். – 10,280
ஹேண்ட்லிங் – 9,500
எசென்ஷியல் கிட் – 14,900
கூடுதல் வாரண்டி – 18,200
ஃபாஸ்டேக் – 600
நம்பர் பிளேட் – 1,100

மூன்று லட்சத்துக்கு மேல் கூடுகிறதே, இதில் எது கட்டியே தீர வேண்டியது, எது பேசிக் குறைக்கக்கூடியது? வங்கிக் கடனில்தான் எடுக்கிறோம். ஆயுத பூஜைக்கு முன்பு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

சங்ககிரி லாரிப்பட்டறை

தம்பி, முதலில் அந்தத் தவணைத் தொகையை மறந்துவிடு. தவணையைப் பெரிதாக எழுதுவதே மொத்தத்தைப் பார்க்கவிடாமல் செய்யத்தான்.

இந்தப் பட்டியலை மூன்று கட்டாகப் பிரித்துக்கொள். அரசாங்கத்துக்குப் போகிற பணம் ஒரு கட்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிற பணம் இரண்டாவது. ஷோரூம்காரர் தன் கல்லாவில் போட்டுக்கொள்கிற பணம் மூன்றாவது. முதல் கட்டுக்கு ரசீது வரும், அதில் ஒரு ரூபாய்கூடப் பேரம் கிடையாது. இரண்டாவதில் கால்வாசி பேரம் கிடையாது, முக்கால்வாசி உண்டு. மூன்றாவது முழுக்கப் பேரம். உன் பட்டியலில் மூன்றாவது கட்டின் ஒரு பகுதி முதல் கட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் சந்தேகம். அந்த 1,98,500ஐப் பார்.

கோபி மஞ்சள் மண்டி

அண்ணன் சந்தேகப்பட்டது சரி. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுட்கால வரி ஒரே தடவையாகக் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் வரியை உயர்த்தினார்கள். அதற்கு முன்பு 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 என்று இரண்டே படிகள் இருந்தன. இப்போது நான்கு படிகள்: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

உங்கள் வண்டி 10,28,000. எனவே 18 சதவீதம், அதாவது 1,85,040 ரூபாய்.

இதோடு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டாக வரும் பதிவுச் சான்றான ஆர்.சி.க்கு 200, கடன் கொடுக்கும் வங்கியின் பெயரை ஆர்.சி.யில் ஏற்ற 1,500. இவை நாடு முழுவதற்கும் ஒரே தொகை. இதுவரை 1,87,340. சாலைப் பாதுகாப்பு வரியும் சில்லறைச் சேவைக் கட்டணங்களும் சேரும், அவை சில ஆயிரத்துக்குள் அடங்கும். எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும் 1,91,000ஐத் தாண்டாது. உங்களிடம் 1,98,500 போட்டிருக்கிறார்கள். ஏழாயிரத்து ஐந்நூறு எங்கே போகிறது என்று கேளுங்கள். "ஏஜென்ட் செலவு" என்று பதில் வரும், பாருங்கள்.

இன்னொன்று. அதே மாடலில் 10 லட்சத்துக்குக் கீழே ஒரு வகை இருக்குமே, அதன் விலை என்ன?

வெள்ளகோவில் தறிக்காரன்

இருக்கிறது அண்ணா. 9,84,000. என்ஜின், கியர், ஏர்பேக் எல்லாம் ஒன்றுதான். சன்ரூஃப் கிடையாது, டிஸ்பிளே கொஞ்சம் சிறியது. 44,000 ரூபாய்தானே வித்தியாசம் என்று மேல் வகையையே பார்த்தோம்.

கோபி மஞ்சள் மண்டி

44,000 இல்லை தம்பி, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

10 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் 18 சதவீதம் என்று பலர் நினைக்கிறார்கள். வருமான வரிக்குத்தான் அந்த முறை. இங்கே முழு விலைக்கும் 18. 9,84,000க்கு 13 சதவீதம் என்றால் 1,27,920. 10,28,000க்கு 1,85,040. வரியில் மட்டும் 57,120 ரூபாய் வித்தியாசம். சன்ரூஃபின் விலையைவிட அதற்குக் கட்டுகிற வரி அதிகம். இரண்டையும் கூட்டினால் அந்தக் கண்ணாடிக் கூரை 1,01,120 ரூபாய். வெள்ளகோவில் வெயிலில் அதைத் திறந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அப்பாவிடமே கேளுங்கள்.

போதாததற்கு விற்பவர் பிடிக்கும் வருமான வரியான டி.சி.எஸ்.ஸும் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் வரும். பல கம்பெனிகள் 9.99 லட்சம் என்று விலை வைப்பது சும்மா இல்லை.

திருப்பூர் பனியன்

நண்பர்களே, இவ்வளவு கணக்கு எதற்கு? நிட்டிங் யூனிட்டின் பெயரில் எடுத்து ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொண்டால் முடிந்தது. 10,28,000இல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறது. ஒன்றரை லட்சம் மிச்சம்.

ஈரோடு ஆடிட்டர் ஆபீஸ்

அப்படி எடுத்துவிட்டுப் பிறகு நோட்டீசுடன் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உண்டு, ஐயா. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாக இருக்கிறது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனத்துக்கு உள்ளீட்டு வரி கிடையாது. வண்டியை வாங்கி விற்பவர், பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில் செய்பவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர் ஆகியோருக்குத்தான் விலக்கு. பனியன் கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லை. துணிக்கட்டு ஏற்ற ஒரு சரக்கு வண்டி எடுத்தால் உள்ளீட்டு வரி எடுக்கலாம். காரைத் தொழில் பெயரில் எடுத்தால் தேய்மானம் காட்டலாம், அதோடு சரி.

டி.சி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. அது செலவே இல்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விற்பவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுகிறார். உங்கள் வருமான வரிக் கணக்கு விவரத்தில் அது தெரியும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம். ஆனால் யார் பெயரில் இன்வாய்ஸோ அவருடைய பான் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். வண்டி அப்பா பெயரில், பான் எண் மகனுடையது என்று கொடுத்துவிட்டால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

சங்ககிரி லாரிப்பட்டறை

திருப்பூர்க்காரரே, ஒரு தடவை கட்டினால் ஆயுளுக்கும் தீர்ந்தது என்பது கார்க்காரர்களுக்குக் கிடைத்த வசதி. எங்கள் லாரிக்குக் காலாண்டுக்கு ஒரு வரி, நேஷனல் பெர்மிட்டுக்கு வருடம் 16,500, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, அதற்கு முன் பெயிண்ட், டிங்கரிங். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் காலாண்டு முடிகிற வாரத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுத்தான்.

பீளமேடு பாலிசி

இன்சூரன்ஸ் தொழிலில் இருக்கிறேன், அதனால் இரண்டாவது கட்டைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கு விளம்பரம் தேவையில்லை, யாரிடம் வேண்டுமானாலும் எடுங்கள்.

2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு, கட்டாயம். அந்தத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சி.சி. வரை மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய், ஜி.எஸ்.டி.யுடன் 12,555. இது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். உங்கள் 52,400இல் இதைக் கழித்தால் கிட்டத்தட்ட 39,850 மிஞ்சுகிறது. அது சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் அதன்மேல் அடுக்கிய கூடுதல்களும். பேரம் பேச வேண்டிய இடம் அதுதான்.

கொட்டேஷனில் 'இன்சூரன்ஸ்' என்று ஒற்றை வரி இருந்தால் ஏற்காதீர்கள். முழுப் பாலிசி கணக்கையும் கேளுங்கள். புது வண்டியின் ஐ.டி.வி., அதாவது காப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு, எக்ஸ்ஷோரூம் விலையில் 95 சதவீதம், அதாவது உங்களுக்கு 9,76,600 இருக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட அதைக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஜீரோ டிப்ரிசியேஷன், அதாவது மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல், முதல் சில வருடங்களுக்கு வேண்டும். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், பெட்டி திருடுபோனால் என்று வருபவற்றை எல்லாம் அடித்துவிடலாம். என்ஜின் பாதுகாப்பு ஊரைப் பொறுத்தது. கோவைக்குள் லங்கா கார்னர் பாலத்தடியிலும் அவிநாசி சாலை மேம்பாலத்தடியிலும் மழைநாளில் ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். நீர் புகுந்த என்ஜினைத் திரும்ப முடுக்கினால் சாதாரணப் பாலிசி கைவிட்டுவிடும். வெள்ளகோவிலில் மழைநீர் தேங்கி என்ஜின் முழுகும் நாள் வந்தால் ஊரே திருவிழா கொண்டாடும், அது உங்களுக்கு வேண்டாம்.

ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "வெளியில் எடுத்தால் எங்கள் பட்டறையில் கேஷ்லெஸ் கிடைக்காது, பழுதுச் செலவை நீங்களே முதலில் கட்ட வேண்டும்" என்று பயமுறுத்துவார்கள். அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டறைப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று நிறுவனத்திடமே கேட்டால் தெரிந்துவிடும்.

ஷோரூம் பக்கத்து ஆள்

எல்லோரும் எங்களைத் திருடர்கள் மாதிரியே பேசுகிறீர்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், எந்த ஷோரூம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு வண்டியை யார்டில் இருந்து எடுத்துவந்து, கழுவி, சோதித்து, டீசல் போட்டு, பேப்பர் எழுதி, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிப் பதிவு செய்து கையில் கொடுப்பதற்குச் செலவு இல்லையா? புதுக் காரில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் நீங்கள் நினைப்பதுபோல இல்லை. இன்சூரன்ஸ் கமிஷனும் இந்தக் கிட்டும் இல்லையென்றால் பாதி ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

கோபி மஞ்சள் மண்டி

நண்பரே, உங்கள் சம்பளம் நியாயமானது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை எக்ஸ்ஷோரூம் விலைக்குள் வைக்க வேண்டும். யார்டில் இருந்து கொண்டுவந்து விற்பது கடைக்காரர் வேலை. என் மண்டிக்கு மஞ்சள் வாங்க வருகிறவரிடம் விலை பேசி முடித்த பிறகு 'மூட்டை நகர்த்திய கூலி' என்று தனியாக எழுதினால் அடுத்த சந்தைக்கு அவர் வரமாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்திலும் சரி, விதிகளிலும் சரி, ஹேண்ட்லிங் என்று ஒரு கட்டணம் கிடையாது. அதை அரசுக் கட்டணங்களோடு அதே பட்டியலில், அதே எழுத்தில் அச்சடிப்பதுதான் தவறு.

அந்த நம்பர் பிளேட் 1,100ஐயும் சொல்லுங்கள். 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பலகையை உற்பத்தியாளர்தான் வண்டியோடு கொடுக்க வேண்டும். அதற்குத் தனியாக எதற்கு 1,100?

ஷோரூம் பக்கத்து ஆள்

நம்பர் பிளேட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கிட் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வாரண்டியைத் தள்ளிவிடாதீர்கள். இப்போதைய வண்டிகளில் ஒரு எலெக்ட்ரானிக் பாகம் போனால் அந்தப் பதினெட்டாயிரம் ஒரே அடியில் போய்விடும்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு

இவ்வளவு வரி கட்டிப் புது வண்டி எதற்கு? பாலக்காட்டுப் பக்கம் மூன்று, நான்கு வருடம் ஓடிய நல்ல வண்டிகள் கிடைக்கின்றன. எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டினால் போதும். எங்கள் ஊரில் பலர் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். கே.எல். நம்பரோடு ஓட்டினால் என்ன?

சங்ககிரி லாரிப்பட்டறை

ஓட்டலாம் தோப்புக்காரரே, பன்னிரண்டு மாதம் வரை. அதற்கு மேல் இந்த மாநிலத்தில் நிறுத்தி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று, கடன் பாக்கி இருந்தால் அந்த வங்கியின் சம்மதம், இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரி. வயது கூடக்கூட வரி குறையும், ஆனால் ஒன்றுமில்லாமல் போய்விடாது. கேரளத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், விண்ணப்பம் போட்டு அலைய வேண்டும். அதையும் முதலில் வரி கட்டியவர் கையெழுத்தோடு கேட்க வேண்டியிருந்தால் அவரைத் தேடிப் பாலக்காடு போக வேண்டும். விலையில் 40,000 மிச்சம் என்று ஆரம்பித்து, முடிவில் எல்லாம் சமமாகிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாண்டிச்சேரி பதிவும் இதே கதைதான். அங்கே குடியிருக்காமல் முகவரி கொடுத்துப் பதிவு செய்தால் அது வரி மிச்சம் இல்லை, பொய் ஆவணம்.

உள்ளூரில் பழைய வண்டி என்றால் கணக்கு எளிது. ஆயுட்கால வரி ஏற்கனவே கட்டியாகிவிட்டது, மறுபடி கிடையாது. காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், பதிவுக் கட்டணத்தில் பாதி. 15 வருடம் முடிந்த வண்டி என்றால் மட்டும் யோசி. பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 10,000. பசுமை வரியும் உண்டு.

டல்லாஸில் ஒரு அந்தியூரான்

இந்த இழையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கடல் கடந்தாலும் கடைக்காரர்கள் ஒரே மாதிரித்தான். டெக்சாஸில் மாநில விற்பனை வரி வண்டி விலையில் 6.25 சதவீதம். அதற்கு மேல் உரிமைப் பத்திரம் எழுத 28 அல்லது 33 டாலர், எந்த மாவட்டம் என்பதைப் பொறுத்து. பிறகு வருடாந்தரப் பதிவுக் கட்டணம். இவ்வளவும் அரசுக்குப் போவது. ஆனால் டீலர் 'ஆவணக் கட்டணம்' என்று ஒன்று போடுவார், அது முழுக்க அவருடையது.

ஒரு விஷயத்தில் மட்டும் இங்கே நமக்கு மேல். பழைய வண்டியை அதே டீலரிடம் கொடுத்தால் அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் வரி. நம் ஊரில் பழைய வண்டியைக் கொடுத்து வாங்கினாலும் புது வண்டியின் விலை முழுவதற்கும் வரி.

மூலனூர் டீச்சர்

கார் பேச்சுக்கு நடுவே ஒரு சின்னக் கேள்வி. கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஸ்கூட்டர் எடுக்கிறேன், 110 சி.சி., எக்ஸ்ஷோரூம் 92,000. கடன் இல்லை. 1,13,500 கேட்கிறார்கள். சரிதானா?

கோபி மஞ்சள் மண்டி

அதிகம், டீச்சர். இரு சக்கர வாகனத்துக்கு 1 லட்சம் வரை 10 சதவீதம், மேலே 12. உங்களுக்கு 9,200. பதிவு 300, கார்டு 200. இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 75 முதல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 4,544. சொந்தச் சேதத்துக்கும் உரிமையாளர் விபத்துக் காப்பீட்டுக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் போட்டுக்கொள்ளுங்கள். சாலைப் பாதுகாப்பு வரி சில நூறு. 1,09,000 பக்கத்தில் நிற்க வேண்டும். மீதிக்கு 'கிராஷ் கார்டு, மேட், பாலிஷ்' என்று எழுதியிருப்பார்கள். மகளிடம் கேளுங்கள், அந்தக் கம்பி வேண்டும் என்றால் வெளியில் பாதி விலைக்குப் போடலாம்.

முன்பே வாங்காமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28இல் இருந்து 18 ஆனது. அதனால் 1 லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பல ஸ்கூட்டர்கள் கீழே இறங்கி 10 சதவீதப் படிக்குள் வந்துவிட்டன.

மூலனூர் டீச்சர்

நன்றி தம்பி. பேட்டரி ஸ்கூட்டர் என்றால் வரி இல்லை என்கிறார்களே?

பீளமேடு பாலிசி

ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆயுட்கால வரி விலக்கைத் தமிழ்நாடு அரசு காலக்கெடு வைத்து, ஆணை போட்டு நீட்டித்துக்கொண்டு வருகிறது, 2025 டிசம்பர் 31 வரை என்பது அதில் ஒன்று. புக்கிங் செய்த நாள் கணக்கில்லை, பதிவு நாளன்று எந்த ஆணை நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு டீச்சர். பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வெள்ளகோவில் தறிக்காரன்

அண்ணன்மார் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நேற்று மறுபடி போனேன். சன்ரூஃப் இல்லாத வகைக்கே அப்பா சம்மதித்துவிட்டார். 1,01,120 என்ற எண்ணைக் காட்டியதும் அவர் ஒன்றும் பேசவில்லை, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹேண்ட்லிங்கை எடுக்க முடியாது, 'கம்பெனி விதி' என்றார்கள். அந்த விதியைக் கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். மேலாளர் உள்ளே போய்விட்டு வந்து எடுத்துவிட்டார். நம்பர் பிளேட், கிட் இரண்டும் போயின. வாரண்டியை வைத்துக்கொண்டேன், ஷோரூம் பக்கத்து அண்ணன் சொன்னது நியாயமாகப்பட்டது. இன்சூரன்ஸை வெளியில் கேட்டேன், ஜீரோ டிப்ரிசியேஷனோடு 37,800. புதுக் கணக்கு:

எக்ஸ்ஷோரூம் 9,84,000
ஆர்.டி.ஓ. 1,33,100
இன்சூரன்ஸ் 37,800
வாரண்டி 18,200
ஃபாஸ்டேக் 600
மொத்தம் 11,73,700

கோபி மஞ்சள் மண்டி

ஆர்.டி.ஓ. தொகை இப்போது நம்பும்படி இருக்கிறது. வரி 1,27,920, பதிவும் கார்டும் கடன் பதிவும் சேர்ந்து 2,300, மீதி சில்லறை. வண்டி வந்த பிறகு அரசின் பரிவாகன் இணையதள ரசீதைக் கேட்டு வாங்கு. அதில் ஆயுட்கால வரி ஓர் இனமாக, கட்டணங்கள் தனித்தனி இனமாக இருக்கும். ரசீதின் கூட்டுத்தொகை 1,33,100ஐவிடக் குறைவாக இருந்தால் மீதியைத் திருப்பிக் கேள். இதைக் கேட்கலாம் என்றே பலருக்குத் தெரிவதில்லை.

அப்புறம், படிவம் 22ஐப் பார். வண்டி எந்த மாதம் தயாரானது என்று அதில் இருக்கும். யார்டில் ஆறேழு மாதம் வெயிலில் நின்ற வண்டியை ஆயுத பூஜை அவசரத்தில் தலையில் கட்டிவிடுவார்கள். ஈச்சனாரிக்கோ சென்னிமலைக்கோ மாலை போட்டுக்கொண்டு போகிற அன்று யாரும் படிவத்தைப் படிப்பதில்லை.

வெள்ளகோவில் தறிக்காரன்

பார்க்கிறேன் அண்ணா. கடைசியாக ஒன்று. எங்கள் பழைய கார் அப்பா பெயரில் இருக்கிறது. இதுவரை ஒரு க்ளெய்ம்கூடப் போட்டதில்லை. அதை ஷோரூமிலேயே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கிறோம். புது வண்டி என் பெயரில். க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ், பழைய வண்டிக்கு உரிய 50 சதவீதம், எனக்கு வருமா? இன்னொன்று, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் அப்பாவைக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

பீளமேடு பாலிசி

போனஸ் வண்டியோடு போவதில்லை, ஆளோடு போவது. உன் பெயருக்கு வராது. புது வண்டியை அப்பா பெயரிலேயே எடுத்தால், பழைய காப்பீட்டு நிறுவனத்தில் சான்றிதழ் வாங்கி சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதியைக் கழிக்கலாம். அந்தச் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். 37,800இல் மூன்றாம் நபர் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நல்ல தொகை மிஞ்சும். கடன் உன் பெயரில் என்றால் வங்கியில் அப்பாவை முதன்மை விண்ணப்பதாரராக, உன்னை இணை விண்ணப்பதாரராகப் போட ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார். வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

சங்ககிரி லாரிப்பட்டறை

தேதி போடாத கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிக் கொடுத்த வண்டி நான்கு கை மாறி எங்கேயோ ஒருவர்மேல் மோதினால், ஆர்.சி.யில் யார் பெயரோ அவர் பதில் சொல்ல வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றுவிட்டேன் என்ற தாள் இருந்தாலும், பதிவேட்டில் பெயர் மாறாதவரை இழப்பீட்டுக்கு உரிமையாளர் பழைய ஆள்தான்.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் என்று ஒரு முறை வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால், வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாகப் பரிவாகனில் தெரிவித்துவிடலாம். அந்த நிமிடத்தில் இருந்து பொறுப்பு அவர்களுடையது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல். இல்லை என்றால் வாங்குகிற ஆள் யாரென்று தெரிந்த பிறகே அப்பா கையெழுத்துப் போடட்டும், தேதியோடு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து வங்கியின் பெயரை முதலில் நீக்கிவிடு, கடன் முடிந்தும் பெயர் நிற்கிற ஆர்.சி.க்கு எவரும் முழு விலை தரமாட்டார்கள்.

வெள்ளகோவில் தறிக்காரன்

கடன் முடிந்து வருடங்கள் ஆகின்றன, வங்கியின் பெயர் இன்னும் ஆர்.சி.யில் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் வேலை அதுதான் அண்ணா.

சங்ககிரி லாரிப்பட்டறை

தடையில்லாச் சான்றின் மூலப் பிரதியை வங்கியில் கேள், நகல் செல்லாது. பழைய வண்டியின் ஃபாஸ்டேகையும் அது இருக்கிற வங்கியில் சொல்லி மூடிவிடு. இல்லையென்றால் அந்த வண்டி விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் உன் கணக்கில்தான் பிடிப்பார்கள்.